வீட்டுத் தொட்டியில் கடல் சாமந்தி வளர்ப்பு

காலை ஐந்து மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்குக் கணக்கு முடிக்கும் நம்மைப் போன்ற வணிகர்களுக்கு, வீடு திரும்பியதும் பத்து நிமிடம் மனம் ஆறி அமர ஏதேனும் ஒன்று வேண்டியிருக்கிறது. சிலர் செடி வளர்க்கிறார்கள். சிலர் புறா வளர்க்கிறார்கள். பலர் வீட்டுக் கூடத்திலோ கடைக் கல்லாவுக்கு அருகிலோ ஒரு மீன் தொட்டி வைத்திருக்கிறார்கள். தங்க மீனும் கப்பி மீனும் வளர்த்துக் கைப்பழக்கம் வந்தபின், கடல்நீர்த் தொட்டி வைத்தால் என்ன என்ற ஆசை பிறப்பது இயல்பு. 2003-ஆம் ஆண்டு வெளிவந்த 'ஃபைண்டிங் நெமோ' என்ற படத்தைப் பார்த்த பிள்ளைகள், ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் வேண்டும் என்று கேட்பார்கள். அந்த மீன் படுத்துறங்கும் பூவும் வேண்டும் என்பார்கள்.

அந்தப் பூவுக்குப் பெயர் கடல் சாமந்தி. மீன் கடைகளில் 'அனிமோன்' என்று கேட்டால்தான் தெரியும். அதை வாங்கி வருவது எளிது. உயிரோடு வைத்திருப்பது எளிதல்ல. இதை எழுதுகிற எனக்குத் தொழில் மளிகை. முதலில் வாங்கிய கடல் சாமந்தி என்னிடம் பதினோரு நாள்தான் உயிரோடு இருந்தது. இரண்டாவது இப்போது ஏழாவது ஆண்டில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே நான் கற்றுக்கொண்டதை நம் சக வணிகர்களும் தெரிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், ஓர் உயிரும் பிழைக்கும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பூவல்ல, பிராணி

கடல் சாமந்தி செடியினம் அல்ல. ஜெல்லி மீனுக்கும் பவளத்துக்கும் உறவான பிராணி. அடியில் உறிஞ்சு தட்டு போன்ற ஒரு பாதம் இருக்கிறது. அதைக் கொண்டு பாறையிலோ மணலுக்கடியிலோ ஒட்டிக்கொள்ளும். மேலே இதழ்கள் போல் தெரிபவை அதன் கைகள். அந்தக் கைகளில் கண்ணுக்குத் தெரியாத நச்சு ஊசிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. நெருங்கும் சிறு மீனையும் இறாலையும் அவற்றால் குத்திச் செயலிழக்கச் செய்து நடுவிலுள்ள வாய்க்குள் தள்ளும். உண்பதும் கழிவதும் அந்த ஒரே வாய் வழியாகத்தான்.

உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைக் கடல் சாமந்திகள் உள்ளன. அவற்றுள் கோமாளி மீனுக்கு இடம் கொடுப்பவை பத்து வகைகளே. கோமாளி மீனின் உடல்மீதுள்ள வழவழப்பான பூச்சு அதை நச்சு ஊசிகளிலிருந்து காக்கிறது. மீனுக்கு அது வீடு. மீனும் சும்மா குடியிருப்பதில்லை. சாமந்தியைக் கடிக்க வரும் வேறு மீன்களை விரட்டுகிறது. மீனின் கழிவு சாமந்திக்கு உரமாகிறது.

உரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தப் பத்து வகைகளின் உடலுக்குள்ளும் ஒருவகை நுண்பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தைக் கொண்டு அந்தப் பாசி உணவு தயாரித்து, அதில் பெரும்பகுதியைச் சாமந்திக்குக் கொடுக்கிறது. ஆகவே இந்தப் பிராணிக்கு வெளிச்சமே பாதிச் சாப்பாடு என்று கொள்ளலாம். நல்ல கடல் சாமந்தி பழுப்பு, பச்சை, சிவப்பு கலந்து காணப்படுவதற்கு உள்ளே பாசி இருப்பதும் ஒரு காரணம். தூய வெள்ளையாகத் தெரிந்தால் பாசி வெளியேறிவிட்டது, அது பட்டினியில் இருக்கிறது என்று பொருள். இதைத் தெரியாமல்தான் நான் ஏமாந்தேன்.

பதினோரு நாள் கதை

பக்கத்து நகரத்தில் ஒரு மீன் கடை. தொட்டி வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இரண்டு கோமாளி மீன்கள் நன்றாக நீந்திக்கொண்டிருந்தன. கடைக்காரர் மல்லிகைப்பூ நிறத்தில் ஒரு சாமந்தியைக் காட்டினார். "இது பூ மாதிரிதான் அண்ணாச்சி. தண்ணில போட்டா தானா இருக்கும். ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றார். வெள்ளை நிறம் அழகாக இருக்கிறதே என்று வாங்கி வந்தேன்.

தண்ணீர் குறையக் குறைய ஊற்ற வேண்டுமல்லவா? கடைக்காரர் கொடுத்த கடலுப்புப் பொட்டலம் தீர்ந்துவிட்டது. நம் கடையில் மூட்டை மூட்டையாகக் கல் உப்பு இருக்கும்போது உப்புக்கு எதற்குக் காசு கொடுப்பது என்று எண்ணி, அதையே கரைத்து ஊற்றினேன். ஒருநாள் சாமந்தி சுருங்கியது. மறுநாள் இடம் விட்டு இடம் நகர்ந்தது. புதுத் தொட்டி, பழக்கமாகத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். பதினோராம் நாள் காலையில் தொட்டி முழுதும் பால் கலந்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. இரவில் நகர்ந்து போன சாமந்தி நீரிறைக்கும் பம்பின் வாயில் சிக்கி அரைபட்டிருந்தது. அது சிதறியதால் தண்ணீர் கெட்டு, கோமாளி மீன்கள் இரண்டும் செத்து மிதந்தன. என் மகள் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

கடைக்காரரைக் குறை சொல்லலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால் குற்றம் என்னுடையதே. என்ன சரக்கு, எப்படிப் பாதுகாப்பது என்று விசாரிக்காமல் நம் கடைக்கு ஒரு மூட்டை பருப்பு வாங்குவோமா?

அறுபது ஆண்டு வாழ்ந்த சாமந்தி

அதன்பின் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது ஒரு செய்தி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஸ்காட்லாந்து நாட்டில் சர் ஜான் டாலியெல் என்ற இயற்கை ஆய்வாளர் 1828-ஆம் ஆண்டு நார்த் பெரிக் கடற்கரைப் பாறையிலிருந்து ஒரு சிவப்புக் கடல் சாமந்தியை எடுத்து வந்து கண்ணாடிக் குடுவையில் வளர்த்தார். 1851-ல் அவர் காலமானார். சாமந்தி இறக்கவில்லை. வேறு ஆய்வாளர்களின் கைக்கு மாறிமாறிச் சென்றது. நூற்றுக்கணக்கில் குட்டி ஈன்றது. 'கிரானி', அதாவது பாட்டி, என்று அதற்குப் பெயரிட்டார்கள். பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். 1887-ஆம் ஆண்டுதான் அது இறந்தது. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள்!

அது குளிர்ந்த கடலில் வாழும் வகை. அதன் உடலில் பாசி கிடையாது. எனவே விளக்கு வெளிச்சம் அதற்குத் தேவைப்படவில்லை. நாம் வளர்க்கும் வெப்பக்கடல் வகைகளுக்கு அந்த எளிமை பொருந்தாது. ஆனால் ஒன்றை மட்டும் அது நமக்குச் சொல்கிறது. கவனித்தால் இது தந்தையிடமிருந்து மகனுக்குப் போகக்கூடிய உயிர். அதை நான் பதினோரு நாளில் முடித்துவிட்டேன். பெரும்பாலும் இது நோயால் சாவதில்லை. வாங்கியவரின் அவசரத்தால் சாகிறது.

எந்த உப்பு?

நம் தொழிலுக்கு நெருக்கமான செய்தி என்பதால் உப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நாம் விற்கும் சாப்பாட்டு உப்பு, அதாவது சோடியம் குளோரைடு. மீதியில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் போன்றவை உள்ளன. ஒரு லிட்டரில் மெக்னீசியம் 1,300 மில்லிகிராமுக்கு அருகிலும், கால்சியம் 400 மில்லிகிராமுக்குச் சற்று மேலும் இருக்கும்.

தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உப்பளத்தில் நீர் வற்ற வற்ற முதலில் ஜிப்சம் படிகிறது. அதாவது கால்சியத்தில் பெரும்பகுதி அங்கேயே போய்விடுகிறது. அடுத்த பாத்தியில் உப்பு படிகிறது. மிஞ்சும் கசப்பு நீரை வெளியேற்றிவிடுகிறார்கள். மெக்னீசியமும் பொட்டாசியமும் அந்தக் கசப்பு நீரோடு போய்விடுகின்றன. உப்பு நல்ல உப்பாக இருப்பதற்கே அவற்றை நீக்குகிறார்கள். ஆகவே நம் மூட்டையிலுள்ள கல் உப்பை நீரில் கரைத்தால் உப்புநீர் கிடைக்கும். கடல்நீர் கிடைக்காது. தூள் உப்பிலோ அயோடின் சேர்மமும், கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருளும் உண்டு. தொட்டிக்கு இரண்டும் ஆகாது.

எனவே மீன் தொட்டிக்கென்றே எல்லாத் தாதுக்களும் சேர்த்துத் தயாரிக்கப்படும் கடலுப்புக் கலவையைத்தான் வாங்க வேண்டும். 200 லிட்டர் நீருக்கு 7 கிலோவுக்குச் சற்று மேல் தேவைப்படும். பிறகு பதினைந்து நாளைக்கு ஒருமுறை 20 லிட்டர் நீர் மாற்றினால், மாதம் ஒன்றரைக் கிலோ போதும். பெருஞ்செலவல்ல. நான் மிச்சம் பிடித்தது அந்த ஒன்றரைக் கிலோவின் விலையைத்தான்.

கடலோர ஊர்க்காரர்கள் கடல்நீரையே கொண்டுவரலாமே என்று கேட்கலாம். கரையோர நீரில் சாக்கடையும் படகு எண்ணெயும் கலந்திருக்கும். மழைக்காலத்தில் உப்பின் அளவும் குறைந்துவிடும். ஆழக்கடலிலிருந்து தூய நீர் கிடைக்காத பட்சத்தில் கலவையே நல்லது.

உப்பின் அளவைக் கண்ணால் அறிய முடியாது. பால் வியாபாரிகள் லாக்டோமீட்டர் வைத்துப் பாலைச் சோதிப்பதுபோல இதற்கும் மிதக்கும் மானி உண்டு. ஒரு சொட்டு நீரை விட்டு வெளிச்சத்தில் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் அதைவிடத் துல்லியமானது. அளவு 1.025, அதாவது லிட்டருக்கு 35 கிராம் அளவில் எப்போதும் நிற்க வேண்டும்.

இங்கே புதியவர்கள் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. 200 லிட்டரில் 10 லிட்டர் வற்றினால் 35 கிராம் என்பது ஏறத்தாழ 37 கிராம் ஆகிவிடும். எனவே வற்றிய அளவை ஈடுகட்ட நல்ல நீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புநீரை அல்ல. வாரம் ஒருமுறை மொத்தமாக ஊற்றாமல் தினமும் சிறிதளவு ஊற்றுவது நல்லது. கடல் சாமந்திக்கு ஏற்ற இறக்கம் ஆகாது.

எந்த நீர்?

குழாய் நீரில் குளோரின் உண்டு. ஆழ்குழாய் நீரில் ஊருக்கு ஊர் வெவ்வேறு உப்புகள் உண்டு. இரண்டையும் நேரடியாகப் பயன்படுத்தலாகாது. ஆர்.ஓ. முறையில் சுத்தம் செய்த நீர் வேண்டும். வீட்டுக் குடிநீர்க் கருவிகள் சிலவற்றில் சுவைக்காகத் தாது உப்பைத் திரும்பச் சேர்க்கும் அமைப்பு உள்ளது. டி.டி.எஸ். மானியால் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். எண் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

ஆறு மாதம் காத்திருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி அமைத்து ஆறு மாதம் ஆகும்வரை கடல் சாமந்தி வாங்காதீர்கள்.

காரணம் இதுதான். மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் அழுகி அம்மோனியாவாக மாறும். அது கடும் நஞ்சு. பாறையிலும் மணலிலும் வளரும் ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சே. இன்னொரு வகை நுண்ணுயிர் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவு கெடுதல் இல்லை. நீர் மாற்றும்போது வெளியே போய்விடும். இந்த நுண்ணுயிர்கள் கடையில் கிடைக்கும் பொருளல்ல என்றே வைத்துக்கொள்ளலாம். போத்தலில் விற்பதை ஊற்றினாலும் அவை பெருகி நிலைக்க வாரங்கள் ஆகும்.

முதலில் மீன் எதுவும் விடாமல், சிறிதளவு மீன் உணவை மட்டும் தொட்டியில் போட்டு ஓட விடுங்கள். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி கிடைக்கிறது. அம்மோனியா ஏறி இறங்கும். பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யமாக நாலு முதல் எட்டு வாரம் ஆகலாம். அதன்பின் ஒன்றிரண்டு மீன்களை விடலாம். கோமாளி மீன் முரட்டு உடம்புக்காரன். சாமந்தி இல்லாமலும் தொட்டியில் நலமாக வாழும். எனவே குழந்தைகளின் ஆசையை அந்த மீனைக் கொண்டு நிறைவேற்றிவிட்டு, சாமந்திக்குக் காத்திருக்கலாம். அந்த ஆறு மாதத்தில் தொட்டி நிலைப்படும். அதைவிட முக்கியம், நம் கையும் பழகும்.

புதுக் கடை திறந்த மூன்றாம் வாரத்திலேயே ஊர் முழுதும் கடன் கொடுத்தால் என்ன ஆகும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தொட்டியிலும் அதே கணக்குத்தான்.

தொட்டியும் சூடும்

200 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் கடல் சாமந்தி வைக்காமலிருப்பது நல்லது. சிறிய தொட்டியில் நீரின் தன்மை விரைவில் மாறிவிடும். கழிவை நுரையாக இழுத்து வெளியேற்றும் ஸ்கிம்மர் என்ற கருவி ஒன்று வேண்டும். நீரைச் சுழல விடும் பம்புகள் வேண்டும். பம்பின் வாய்க்குக் கட்டாயம் வலையோ பஞ்சு உறையோ போட வேண்டும். என் முதல் சாமந்தியின் உயிர் போனது அந்த உறை இல்லாததால்தான்.

நம் நாட்டில் பெரிய சிக்கல் சூடு. நீரின் வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் நம் வீட்டு அறையே 34, 35 டிகிரியைத் தொடும். நீர்மட்டத்தின்மேல் சிறு விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் நீர் வேகமாக வற்றும். நம் ஊர்க் கோடைக்கு விசிறி போதாது. குளிரூட்டி, அதாவது சில்லர், இன்றி வெப்பக்கடல் சாமந்தியை நம்மூரில் பல ஆண்டு வளர்ப்பது கடினம். அந்தச் செலவுக்கு மனம் ஒப்பாதவர்கள் கோமாளி மீனோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

மின்சாரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 100 வாட் விளக்கு ஒன்பது மணி நேரம் எரிந்தால் 0.9 யூனிட். எல்லாப் பம்புகளும் சேர்ந்து 30 வாட் என்றால் நாள் முழுதும் 0.72 யூனிட். 200 வாட் சில்லர் நாளில் எட்டு மணி நேரம் ஓடினால் 1.6 யூனிட். ஆக நாளுக்கு 3.2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 190 யூனிட்டுக்கு மேல். கடை இணைப்புக்கு வணிகக் கட்டணம் என்பதால் தொட்டியை வீட்டில் வைப்பதே லாபம். மின்வெட்டு நேரத்தில் ஒரு பம்பாவது ஓடும்படி இன்வெர்ட்டரில் இணைத்து வையுங்கள். நீர் அசையாமல் நின்றால் முதலில் மீன்களுக்கு மூச்சு முட்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

புதியவர்களுக்கு ஏற்றது 'பபிள் டிப்' என்ற வகை. கைகளின் நுனி சிறு குமிழ்போல் உப்பியிருக்கும். சில தொட்டிகளில் குமிழ் மறைந்து நீண்ட விரல்போல் ஆகிவிடுவதும் உண்டு, அது நோயல்ல. இந்த வகை தொட்டியிலேயே தானாக இரண்டாகப் பிரிந்து பெருகும். என்னுடையது இதுவரை இருமுறை பிரிந்திருக்கிறது. மணலில் விரிந்து கிடக்கும் 'கார்ப்பெட்' வகையும், 'ரிட்டேரி' என்று விற்கப்படும் பெரிய வகையும் அழகானவை. ஆனால் பழகிய கைக்கே உரியவை. கார்ப்பெட் வகை கோமாளி மீனைத் தவிர மற்ற மீன்களைப் பிடித்துத் தின்றுவிடும்.

கடையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். வாய் இறுக மூடியிருக்க வேண்டும். திறந்து உள்ளுறுப்பு வெளியே தள்ளியிருந்தால் வேண்டாம். பாதத்தில் கிழிசல் இருக்கக்கூடாது. பாறையில் உறுதியாக ஒட்டியிருக்க வேண்டும். கையில் பட்டால் ஒட்ட வேண்டும். பார்க்கும்போது கையுறை அணியுங்கள், சிலருக்கு அரிப்பும் ஒவ்வாமையும் வரும். தூய வெள்ளை வேண்டாம் என்று முன்பே சொன்னேன். எலுமிச்சை மஞ்சள், பளீர் ரோஸ், ஊதா என்று ஒரே நிறமாக இருந்தால் சாயம் ஏற்றியதாக இருக்கலாம். வெளுத்துப்போன சாமந்திக்குச் சாயமேற்றி விற்கும் வழக்கம் இந்த வியாபாரத்தில் உண்டு. மட்டப் பருப்புக்குச் சாயம் போடுவதைக் கண்டறியும் நம் கண்ணுக்கு இதைக் கண்டறிவது கடினமல்ல.

குடியேற்றம்

பையில் வந்த நீரும் நம் தொட்டி நீரும் ஒன்றல்ல. பையிலுள்ள சாமந்தியை நீரோடு ஒரு வாளியில் விட்டு, மெல்லிய குழாய் வழியாகத் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரத்துக்கு மேல் விட வேண்டும். பிறகு சாமந்தியை மட்டும் எடுத்துத் தொட்டியில் வைக்க வேண்டும். வாளி நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது.

பபிள் டிப் வகைக்குப் பாறையில் ஆழமான பொந்து பிடிக்கும். பாதத்தை உள்ளே மறைத்துக்கொண்டு கைகளை வெளிச்சத்துக்கு விரிக்கும். நாம் வைத்த இடத்தில் இராமல் இரண்டொரு நாள் நகரலாம். பிடுங்கி எடுத்து மாற்றி வைக்காதீர்கள். பாதம் கிழிந்தால் பிழைப்பது அரிது. தனக்குப் பிடித்த இடத்தை அதுவே தேடிக்கொள்ளும். அதற்குள் பம்புகள் மூடப்பட்டிருக்கின்றனவா என்பதை மட்டும் மீண்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடல்நீர்த் தொட்டிக்கென்று விற்கப்படும் எல்.இ.டி. விளக்கு நாளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் எரிய வேண்டும். புதிதாக வந்த சாமந்திக்கு முதல் இரண்டு வாரம் வெளிச்சத்தைக் குறைத்து, படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

தீனி

வாரத்துக்கு ஒருமுறை, அதிகம் போனால் இருமுறை, தோலுரித்த பச்சை இறாலில் சிறு துண்டு போதும். உப்போ மஞ்சளோ சேராத துண்டாக இருக்க வேண்டும். அதன் வாயளவுக்கு மேல் பெரிதாக இருக்கக்கூடாது. இடுக்கியால் கைகளின்மேல் வைத்தால் அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். துப்பிவிட்டால் உடனே எடுத்துவிடுங்கள். அன்பின் மிகுதியால் தினமும் ஊட்டுவோர் தண்ணீரைத்தான் கெடுக்கிறார்கள்.

நலம், நலமின்மை

சில நாட்களில் சாமந்தி திடீரெனச் சுருங்கிப் பை போலாகும். உள்ளிருக்கும் கழிவு நீரை வெளியேற்றிவிட்டுச் சில மணி நேரத்தில் மீண்டும் விரியும். இதைக் கண்டு பதற வேண்டாம். ஆனால் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சுருங்கியே இருந்தாலும், வாய் பிளந்து நின்றாலும், பாதம் பிடியை விட்டாலும், ஓயாமல் நகர்ந்தாலும் தண்ணீரில் குறை இருக்கிறது. முதலில் உப்பின் அளவு, வெப்பம், அம்மோனியா, நைட்ரைட் ஆகியவற்றைச் சோதியுங்கள். காரத்தன்மை எண் 8.1 முதல் 8.4 வரையில் இருக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். உடல் கரைந்து துர்நாற்றம் வந்துவிட்டால் அது இறந்துவிட்டது. அந்த நிமிடமே எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் தொட்டியிலுள்ள மற்ற உயிர்களும் போகும்.

மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் போடும் மருந்துகள் சிலவற்றில் செம்பு உண்டு. மீன் பிழைக்கும், சாமந்தி செத்துவிடும். நோய் வந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் மருந்திட வேண்டும். செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் தொட்டிக்கு நீர் மொள்ளவும் கூடாது.

மளிகைக் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மிளகாய் வற்றல், எண்ணெய், சோப்பு எல்லாம் தொட்ட கையோடு கடையிலிருந்து வந்து நேராகத் தொட்டியில் கை விடாதீர்கள். வெறும் நீரில் நன்றாகக் கழுவுங்கள். சோப்பின் மிச்சமும் ஆகாது. தொட்டி இருக்கும் அறையில் கரப்பான், கொசு மருந்து அடிக்காதீர்கள். காற்றை உள்ளிழுத்துத் தள்ளும் கருவிகள் அந்த மருந்தை நேராகத் தண்ணீரில் கரைத்துவிடும்.

எங்கிருந்து வந்த சரக்கு?

1850-களில் இங்கிலாந்தில் பிலிப் ஹென்றி காஸ் என்பவர் எழுதிய நூல்களைப் படித்து, வீட்டுக்கு வீடு கடல் சாமந்தி வளர்க்கும் மோகம் பரவியது. மக்கள் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்குச் சென்று பாறைப் பள்ளங்களைத் துடைத்தெடுத்தார்கள். தந்தையின் நூல்களால் கடற்கரையே வெறுமையானதை அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907-ல் வெளியான தம் நூலில் வருத்தத்தோடு பதிவு செய்தார்.

நமக்கும் அருகிலேயே அப்படியொரு கடல் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவிலுள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள பகுதியும் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அங்கிருந்து எந்த உயிரையும் எடுப்பது குற்றம். பவளப் பாறைகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. 'லைவ் ராக்' என்ற பெயரில் யாராவது பவளப் பாறையை விற்றால் வாங்காதீர்கள். அது சிறைத் தண்டனைக்குரிய விஷயம். சுட்ட மண்ணால் செய்த செயற்கைப் பாறைகளே போதுமானவை, அவற்றிலும் நுண்ணுயிர் நன்றாக வளரும்.

கோமாளி மீன்களைக் கடலில் பிடிக்காமல் பண்ணையில் பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையத்தில் உருவாக்கியிருக்கிறார்கள். எனவே பண்ணை மீனாகக் கேட்டு வாங்கலாம். சாமந்தியிலும் ஏற்கெனவே தொட்டி வைத்திருப்பவரிடம் பிரிந்து பெருகிய குட்டியைக் கேட்டு வாங்குவதே சிறந்தது. அது தொட்டி நீருக்குப் பழகியது, நெடும்பயணம் செய்யாதது, கடலுக்கும் இழப்பில்லாதது. சரக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்குவது வணிகனின் பழக்கம்தானே!

நிறைவாக

என் இரண்டாவது சாமந்தியை அப்படித்தான் பெற்றேன். பழைய தொட்டிக்காரர் ஒருவர், "தொட்டிக்கு எத்தனை மாசம் ஆச்சு அண்ணாச்சி?" என்று கேட்டார். "நாலு மாசம்" என்றேன். "இன்னும் ரெண்டு மாசம் கழிச்சு வாங்க. உங்களுக்குன்னு எடுத்து வைக்கிறேன்" என்று என்னை வெறுங்கையோடு அனுப்பிவிட்டார். பணம் கொடுக்க வந்தவனைத் திருப்பி அனுப்பிய வியாபாரியை அன்றுதான் பார்த்தேன். இரண்டு மாதம் கழித்துப் போனேன். சொன்னபடியே எடுத்து வைத்திருந்தார்.

போன ஆண்டு அது பிரிந்தபோது, அந்தக் குட்டியைக் கேட்டு எங்கள் தெருவிலுள்ள ஒரு பாத்திரக்கடைத் தம்பி வந்தார். தொட்டிக்கு எத்தனை மாதம் ஆயிற்று என்று என் மகள்தான் அவரிடம் கேட்டாள். ஐந்து வாரம் என்றார். நான் வாய் திறப்பதற்குள், "இன்னும் அஞ்சு மாசம் ஆகட்டும் அண்ணா, நாங்களே கொண்டுவந்து தர்றோம்" என்று அவள் சொல்லிவிட்டாள்.